எழும்பூரில் இறங்கிய பிள்ளைகள்

கல்லூரி திறக்கும் மாதங்களில் எழும்பூர் ரயில் நிலையத்தின் விடியற்காலைக்கு ஒரு தனி முகம் உண்டு. பாண்டியன், நெல்லை, முத்துநகர், பொதிகை, மலைக்கோட்டை என்று இரவெல்லாம் ஓடிவந்த ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் முதலாண்டு மாணவன் யார், பழையவன் யார் என்று சாமானை வைத்தே சொல்லிவிடலாம். புதியவனிடம் பெட்டி, படுக்கை, பிளாஸ்டிக் வாளி, துணி சுற்றிய ஊறுகாய் பாட்டில் எல்லாம் இருக்கும். பக்கத்தில் அப்பாவோ தாய்மாமனோ நிற்பார். பழையவன் தோளில் ஒரு பையோடு இறங்கி, யாரையும் வழி கேட்காமல் மின்சார ரயிலைப் பிடிக்கப் போய்விடுவான்.

இந்த வருகைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதற்கு முன்பே 1835-ல் மருத்துவக் கல்லூரியும் 1840-ல் மாநிலக் கல்லூரியின் மூலப் பள்ளியும் தொடங்கிவிட்டன. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைக்க 1960-களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் பல ஆண்டுகளுக்கு, பலருக்கும் பெரிய படிப்பு என்றால் சென்னைதான். தஞ்சாவூர்க்காரரும் தூத்துக்குடிக்காரரும் தர்மபுரிக்காரரும் அதற்காகவே இங்கே வந்தார்கள்.

வந்தவர்கள் பட்டத்தோடு திரும்பினார்கள், அல்லது இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களிடம் கல்லூரி நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வகுப்பறையைப் பற்றி இரண்டு வாக்கியம் வரும். அதன்பிறகு மெஸ், மேன்ஷன், பழைய புத்தகக் கடை, பஸ், கடற்கரை என்று பேச்சு நிற்காமல் ஓடும். அதில் நியாயம் இருக்கிறது. கையில் காசில்லாதவனும் கால்நடையாகவே சுற்றிப் பார்த்துப் படித்து முன்னேறும்படி இந்த நகரத்தில் சில இடங்கள் இருந்தன. ஊரிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி தராத பாதிப் படிப்பை அந்த இடங்கள்தான் தந்தன.

முதல் தேவை படுக்க ஓர் இடம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியிருக்கும் விக்டோரியா மாணவர் விடுதி நூற்றாண்டைக் கடந்த செங்கல் கட்டடம். மாநிலக் கல்லூரிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். டெஸ்ட் போட்டி நடந்த நாட்களில் மைதானத்து ஆரவாரம் அறைக்குள்ளேயே கேட்கும். அந்த விடுதிக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் அதன் பதிவேட்டில் இருந்த மாணவர் இல்லை.

1910-ஆம் ஆண்டு வாக்கில் சீனிவாச ராமானுஜன் வேலை தேடிச் சென்னைக்கு வந்தபோது கையில் பட்டம் இல்லை. கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தோற்றிருந்தார். கணக்கு மட்டும் வரும், மற்றப் பாடம் எதுவும் ஏறாது. கும்பகோணத்தில் அவரிடம் பாடம் கேட்ட ஒரு பையன் அப்போது மாநிலக் கல்லூரி மாணவனாக விக்டோரியா விடுதியில் இருந்தான். ராமானுஜன் போய் அந்த அறையில் தங்கினார். விடுதி மாணவர்கள் இன்றுவரை ‘கெஸ்ட்’ என்று சொல்வது இதைத்தான். ஒருவர் பெயரில் அறை, இருவர் அல்லது மூவர் தூக்கம். வார்டன் வரும் நேரம் பார்த்து மூன்றாமவர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். வேலை தேடி வந்த அண்ணன், தேர்வெழுத வந்த ஊர்க்காரன், அரியரை முடிக்க வந்த சீனியர் எல்லாரையும் இந்த ‘கெஸ்ட்’ ஏற்பாடுதான் காப்பாற்றியிருக்கிறது. உலகக் கணித வரலாற்றிலும் அதற்கு ஒரு சிறு பங்கு இருக்கிறது என்பதை அந்த விடுதிப் பிள்ளைகள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு 1912 மார்ச்சில் ராமானுஜனுக்குத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தரவேண்டும்; வேறு கட்டாயம் எதுவுமில்லை. திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு, கன்னிமரா நூலகத்தில் படித்துக்கொண்டு அவர் வேலை செய்தார். அடுத்த ஆண்டு மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பட்டமில்லாத ஒருவரை நம்பி ஒரு பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது என்பது அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கும் பெரிய செய்திதான்.

எல்லாருக்கும் அரசுக் கல்லூரி விடுதி கிடைத்துவிடவில்லை. சாதி பார்த்து வீடு கொடுத்த நகரம் இது. இன்றும் அந்தக் குணம் முழுவதும் போய்விடவில்லை. விடுதி என்பது சிலருக்கு வசதி, பலருக்கு அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை. சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் இயங்கும் மாணவர் விடுதி, ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சென்னையில் கிடைத்த முதல் முகவரி. மயிலாப்பூரில் 1905-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் ஆதரவற்ற, ஏழை மாணவர்களை வைத்துப் படிக்கவைத்தது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு தன் மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பொதுப்பெயர் சூட்டியது. எந்தத் துறையின் விடுதியில் தங்கியிருக்கிறான் என்பதை வைத்தே ஒரு மாணவனின் சாதியைச் சொல்லிவிடலாம் என்ற நிலை பெயரளவிலாவது மாறியிருக்கிறது. கழிவறையும் சாப்பாடும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி மாறவேண்டும் என்பதுதான் அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகள் கேட்பது.

விடுதி கிடைக்காதவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன.

பெரிய தெரு, பெல்ஸ் சாலை, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை என்று அந்த வட்டாரம் முழுக்க மூன்று நான்கு மாடிகளில் நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்கள் அவை. பெயர்தான் மேன்ஷன். உள்ளே போனால் நீண்ட இருட்டு நடை, இருபுறமும் வரிசையாகக் கதவுகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவாகக் குளியலறை. ஓர் அறைக்குள் இரண்டு மூன்று இரும்புக் கட்டில். சுவரில் ஆணி, ஆணியில் சட்டை. சன்னலைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் அடுத்த மேன்ஷனின் சன்னல். மேனேஜர் மேசைக்கு மேலே விதிமுறைப் பலகை தொங்கும்: வெளியாட்கள் இரவில் தங்கக் கூடாது, அறையில் சமைக்கக் கூடாது, இத்தனை மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது. விடிகாலையில் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையில் சட்டக் கல்லூரி மாணவனும், சினிமாவில் உதவி இயக்குநராக அலைகிறவரும், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரும் ஒரே சோப்புப் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு நிற்பார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு உலகம் எத்தனை விதமானது என்பதை அந்தத் தண்ணீர் வரிசையைப் போல வேறு எதுவும் கற்றுக்கொடுத்திருக்காது.

திருவல்லிக்கேணியே அப்படிப்பட்ட பேட்டை. பார்த்தசாரதி கோயில் குளத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் வந்துவிடும். ரமலான் மாதத்தில் அங்கே நோன்பு துறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1903-ல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து குடியேறியதும் இந்த வட்டாரத்தில்தான். பாரதி கடைசி நாட்களைக் கழித்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவும் இங்கேயே இருக்கிறது. ஊரில் ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள் வளர்ந்த பையனுக்கு இந்தத் தெருக்களில் சும்மா நடப்பதே ஒரு பாடம்.

அடுத்தது சாப்பாடு. வீட்டிலிருந்து மணியார்டர் வரும் வரை மாதத்தின் கடைசி வாரத்தை ஓட்டியவர்களுக்கு மெஸ் முதலாளியின் அருமை தெரியும். அக்பர் சாகிப் தெருவிலுள்ள காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவிலேயே காத்திருக்கவேண்டும். ஒரு பந்தி எழுந்து இலை எடுத்த பிறகு அடுத்த பந்தியைக் கூப்பிடுவார்கள். சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் வேகமாக வரும், வேகமாகச் சாப்பிட்டு எழவேண்டும். அரட்டைக்கு அங்கே இடமில்லை. வயிறு நிறைவதற்கு இருக்கிறது. மீன் இல்லாமல் சோறு இறங்காத கடலோரத்துப் பிள்ளைகளுக்குச் சேப்பாக்கத்தில் நாயர் மெஸ். கையில் கொஞ்சம் பணம் இருக்கும் நாளில் 1948-லிருந்து நடக்கும் ரத்னா கபே. அங்கே இட்லி முழுகும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். கேட்டால் இன்னொரு முறையும் ஊற்றுவார்கள். மாதக் கடைசியில் இரண்டு இட்லியையும் அந்தச் சாம்பாரையும் வைத்து மதியச் சாப்பாட்டையே முடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பெயர் தெரியாத சின்ன மெஸ்களில் கணக்கு நோட்டு உண்டு. “இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும்ணே” என்று பையன் தயங்கினால், “சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி, கணக்கு எங்க போகப் போவுது” என்று பதில் வரும். எத்தனை டாக்டர்கள், வக்கீல்கள், தாசில்தார்களின் படிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுக்கவேண்டிய கணக்கு அது.

புத்தகம் வாங்கப் பணம் இல்லாதவனுக்கும் வழி இருந்தது. பாரதி சாலை என்று பெயர் மாறிய பின்னும் எல்லாரும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் தெருவில், நடைபாதையில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கும். போன வருடம் ஒருவன் படித்து விற்ற பௌதிகப் புத்தகம், ஓரத்தில் அவன் எழுதிய குறிப்புகளோடு, பாதி விலைக்குக் கிடைக்கும். அதையே வருடக் கடைசியில் அதே கடையில் திருப்பிக் கொடுத்து அடுத்த வருடத்துப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் தலைநகரமாக இருந்தது சென்ட்ரல் பக்கத்தில் 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது எரிந்து போனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது.

மூர் மார்க்கெட்டைப் பற்றி ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராமேசுவரத்துப் பையனான கலாம், 1950-களின் நடுவில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்கு அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். படித்துக்கொண்டிருந்த காலத்தில் ராமேசுவரத்தைப் புயல் தாக்கிய செய்தி வந்தது. ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்க்கவேண்டும், டிக்கெட்டுக்குப் பணமில்லை. பரிசாகக் கிடைத்த விலை உயர்ந்த பொறியியல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குப் போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டார். பணத்தைக் கொடுத்தார். புத்தகத்தை விற்காமல் வைத்திருப்பதாகவும், பணம் கிடைக்கும்போது வந்து மீட்டுக்கொள்ளும்படியும் சொன்னார். சொன்னபடியே வைத்திருந்தார். கலாம் திரும்பி வந்து பணத்தைக் கட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஒருவர் தன் மாணவப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்களோடு சேர்த்து ஒரு பழைய புத்தகக் கடைக்காரரையும் நினைத்துச் சொன்னார். இந்த நகரம் எப்படிப்பட்டதாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் தேவையில்லை.

நூலகங்களின் கதை இன்னும் பெரியது. சீர்காழியில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படிக்க வந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அந்தக் காலத்தில் புத்தகத்தைப் பாதுகாப்பதுதான் நூலகத்தின் வேலை. மாணவனின் கை அலமாரியில் படக் கூடாது. ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார். மாணவர்கள் உள்ளே புகுந்து தாங்களே எடுத்துப் பார்க்கலாம் என்றார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகன், ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு புத்தகம் என்று 1931-ல் அவர் எழுதிய நூலக விதிகள் உலகம் முழுவதும் நூலகவியல் வகுப்பில் இன்றும் சொல்லித்தரப்படுகின்றன. சிற்றூரிலிருந்து படிக்க வந்தவருக்கு எந்தக் கதவு திறக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது.

கன்னிமரா நூலகம் 1896-ல் திறந்தது. அங்கே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கக் காலையிலேயே வந்து நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். மேன்ஷன் அறையின் புழுக்கத்தில் படிக்க முடியாதவர்கள். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போனது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து படிக்கத் தனிக் கூடம், குளிர்சாதன வசதி, கட்டணம் கிடையாது. 2011 நவம்பரில் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது. நூலகம் பிழைத்துக்கொண்டது.

கடற்கரைக்கும் கட்டணம் கிடையாது. மெரினாவை வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்க வருவார்கள். திருவல்லிக்கேணி மாணவனுக்கு அது வீட்டு முற்றம். அறையில் மூன்று பேருக்கு இடமில்லை என்றால் மணலில் இடமிருக்கிறது. தேர்வுக் காலத்தில் சாலை விளக்கின் கீழே உட்கார்ந்து படித்தவர்கள் உண்டு. காதல் தோல்வியைச் சொல்லி அழுததும், முதல் கவிதையைப் படித்துக் காட்டியதும், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்ததும் அங்கேதான்.

அரசியல் கற்றதும் அங்கேதான். 1965 ஜனவரி இறுதியில் இந்தித் திணிப்பை எதிர்த்து நகரத்தின் கல்லூரி மாணவர்கள் கோட்டையை நோக்கிப் போனார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம் அவர்களைச் சந்திக்கவில்லை. இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. விடுதிகள் அன்றைக்குப் போராட்டத்தின் பாசறைகளாக இருந்தன. ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டுபோனவர்கள் விடுமுறைக்குத் திரும்பிய விடுதி மாணவர்கள். 2017 ஜனவரி 17 தொடங்கி ஒரு வாரம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களிலும் பக்கத்து மேன்ஷன், விடுதிப் பிள்ளைகள் ஏராளம். வெயிலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெருக்காரர்கள் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பையன்களின் சென்னை. பெண்பிள்ளைகளின் சென்னை வேறு. அதைத் தனியாகத்தான் சொல்லவேண்டும்.

1907-ல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-ல் மருத்துவராக வெளியே வந்தார். ஆண்களே நிறைந்திருந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து படித்தார். குழந்தைப் பருவத்திலேயே விதவையான சுப்புலட்சுமி 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கினார். ‘சகோதரி’ என்று ஊர் அழைத்த அவரைப் பின்தொடர்ந்து, தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்த சிறுமிகள் ஊரைவிட்டுச் சென்னைக்குப் படிக்க வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அவர்களுக்கு விடுதியானது. எதிரே கடல். சன்னலைத் திறந்தால் காற்று. பக்கத்தில் 1914-ல் டாரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி. அந்தச் சிறுமிகளில் பலர் ஆசிரியைகளாகித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஒரு விடுதி எத்தனை பேரின் தலையெழுத்தை மாற்ற முடியும் என்பதற்குச் சென்னையில் இதற்கு நிகரான இன்னொரு கதை இல்லை.

அந்த ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப் போவதாக 2003-ல் அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியேற மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னாள் மாணவிகள், பாட்டிகளான பிறகும், சேர்ந்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கடற்கரைச் சாலையில் அந்தப் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்பது அவர்களால்தான்.

ஆனால் பெண்கள் விடுதியின் கதவு சாயங்காலமே மூடிவிடும். பையன்கள் இரவில் மெரினாவில் படித்த கதையைச் சொல்லும்போது பெண்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்து மெரினாவை அவர்கள் பார்த்ததே இல்லை. மேன்ஷன்கள் ஆண்களுக்கு மட்டும். மெஸ்ஸின் தெருவரிசையில் ஒரு பெண் தனியாக நின்று சாப்பிட்டது அண்மைக்காலத்துப் பழக்கம். வார்டனிடம் கையெழுத்து, ‘லோக்கல் கார்டியன்’ கடிதம், வீட்டுக்குப் போன் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்பயணத்துக்கும் மூன்று அனுமதி வேண்டியிருந்தது. பல விடுதிகளில் இன்றும் அப்படித்தான். அதே கட்டணம் கட்டி, அதே மதிப்பெண் வாங்கி வந்த பெண்ணுக்கு இந்த நகரத்தில் பாதிதான் கிடைத்தது என்பது நியாயமற்றது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே அவர்கள் செய்திருப்பதைப் பார்த்தால் மரியாதை கூடுகிறது.

நகரத்தை முழுதாக ஒரு மாணவனுக்கு அறிமுகம் செய்துவைப்பது பஸ். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பின்னால் அது மாநகர் போக்குவரத்துக் கழகம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஏறி உட்கார்ந்தால் சென்னையின் வடக்கும் தெற்கும் ஒரே பயணத்தில் கண்ணில் படும். கூட்டத்தில் ஏறியவன் டிக்கெட் காசைக் கைமாற்றி அனுப்புவான். முகம் தெரியாத பத்துப் பேரின் கைவழியாக டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் சரியாகத் திரும்பி வரும். ‘ரூட்டு தல’, அதாவது அந்தப் பஸ் தடத்து மாணவர் தலைவன், என்ற பெயரில் படிக்கட்டில் தொங்கியதும், பஸ் தினம் என்ற பெயரில் கூரைமேல் ஏறி ஆடியதும், கல்லூரிக்குக் கல்லூரி மோதி ரத்தம் சிந்தியதும் இதே பஸ்களில்தான். பஸ் தினத்துக்கு நீதிமன்றம் தடைவிதித்த பிறகும் இந்த மோதல் முழுதாக ஓயவில்லை. அதில் வீரம் எதுவும் இல்லை. காயம்பட்டுப் படிப்பை விட்டவர்களில் வடசென்னையிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம்.

பேச்சும் மாறும். ‘ஏலே’ என்று நெல்லைக்காரனும் ‘ஏனுங்க’ என்று கோவைக்காரனும் முதல் வாரத்தில் வாயைத் திறந்தால் அறை முழுக்கச் சிரிக்கும். ஆறு மாதத்தில் எல்லாரும் ‘மச்சி’ என்பார்கள். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனால் “மெட்ராஸ்காரன் ஆயிட்டியாடா” என்று ஆச்சி கேட்பாள்.

1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தபிறகு இந்த வாழ்க்கையின் நிலவரைபடம் மாறத் தொடங்கியது. புதிய கல்லூரிகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும், செங்கல்பட்டுப் பக்கமும், பழைய மாமல்லபுரம் சாலையிலும் எழுந்தன. அவை பல லட்சம் குடும்பங்களில் முதல் பொறியாளரை உருவாக்கின. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் படித்ததாகச் சொல்லும் அந்தப் பிள்ளைகளில் பலர் சென்னையைப் பார்த்ததே குறைவு. காம்பவுண்டுக்குள் விடுதி, விடுதிக்குள் மெஸ், வாசலில் கல்லூரிப் பேருந்து, மாலையில் வருகைப் பதிவு. பழைய புத்தகக் கடை வழியில் இல்லை. நூலகத்துக்குப் போய்வர அரை நாள். தெற்கத்திப் பிள்ளைகளுக்கு எழும்பூருக்கு ஈடாக இருந்த கோயம்பேடு பஸ் நிலையமும் மாறி, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தது. ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை இப்போது நகரத்துக்குள் நுழையாமலே தன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

திருவல்லிக்கேணியும் முன்புபோல் இல்லை. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்ததும் மேன்ஷன்கள் காலியாயின. வெளியேறிய கூட்டத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. வாடகை ஏறிவிட்டது. ‘பிஜி’ என்று அழைக்கப்படும் தங்குமிடங்கள் வேளச்சேரி, சோழிங்கநல்லூர், அண்ணா நகர் என்று பரவியிருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அண்ணா நகருக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். சாப்பாடு செயலி வழியாக அறைக்கே வருகிறது. வந்து கொடுக்கும் பையனும் பெரும்பாலும் எங்கோ படித்துக்கொண்டிருக்கும் மாணவன்தான். அவனுக்குக் கடன் சொல்ல ஒரு கணக்கு நோட்டு இல்லை.

இதையெல்லாம் பழங்காலப் பெருமையாகச் சொல்லவில்லை. அன்றைய மேன்ஷனில் மூட்டைப்பூச்சி இருந்தது, மஞ்சள் காமாலை வந்தது, பசியும் இருந்தது. ஆனால் மலிவான ஓர் அறையும், நடக்கும் தூரத்தில் ஒரு நூலகமும், கட்டுப்படியாகும் சாப்பாடும் ஒரே இடத்தில் கூடியிருந்ததால்தான் பட்டமில்லாத ராமானுஜனும் நகை அடகுவைத்துப் படித்த கலாமும் இங்கே கால் ஊன்ற முடிந்தது. நகரின் மையத்திலிருக்கும் அரசு விடுதிகளைப் பழுதுபார்த்து விரிவாக்குவதும், மாவட்டத்திலிருந்து வரும் பெண்களுக்கு நடுநகரில் விடுதி கட்டுவதும், நூலகங்களை இரவு நெடுநேரம் திறந்துவைப்பதும், புறநகர்க் கல்லூரிகளிலிருந்து நூலகங்களுக்கு வார இறுதியில் பஸ் விடுவதும் ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டூர்புரம் நூலகத்தின் வாசலில், கையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கிற பெண்களும் பையன்களும் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள், மாதம் எவ்வளவு செலவாகிறது என்று அதிகாரிகள் யாராவது ஒருநாள் போய்க் கேட்டாலே இந்தப் பட்டியலை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.